வூ லியென்-தே

வூ லியென்-தே (மார்ச் 10, 1879 – ஜனவரி 21, 1960) மலாயாவில் பிறந்த சீன மருத்துவரும், கிழக்காசியாவின் பொது நலவாழ்வுத் துறை முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். 1910-11 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட நுரையீரல் பிளேக் நோயைக் கட்டுப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கியதற்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்நோய் எலிகளிலிருந்து அன்று, நோயாளியின் இருமலிலிருந்தே அருகில் இருப்பவருக்குப் பரவுகிறது என்று கண்டறிந்து, முகக்கவசம் அணிதல், நோயுற்றோரை வீட்டிலுள்ள பிறரிடமிருந்து பிரித்தல், அவர்களுடன் பழகியோரைச் சில நாட்கள் தனியே வைத்துக் கண்காணித்தல் ஆகியவற்றை ஒரு நகரம் முழுவதிலும் நடைமுறைப்படுத்தினார்.

இவரது பெயர் பலவாறாக எழுதப்படுகிறது. பினாங்கில் பதிவான பெயர் ஙோ லீன் டக் என்பதாகும். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் இப்பெயரே வழங்கியது. சீனாவுக்குச் சென்ற பின்னர் அதன் மாண்டரின் ஒலிப்பாகிய வூ லியென்-தே என்பதை ஏற்றுக்கொண்டார். இன்றைய சீன முறைப்படி வூ லியன்டே என்றும் எழுதுவர். பழைய நூல்களில் தேடுவோர் இம்மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

வூ அன்றைய பிரித்தானிய நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றான பினாங்கில் பிறந்தார். தந்தை தென்சீனாவின் தைஷான் பகுதியிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். தாய் பினாங்கிலேயே பிறந்த ஹக்கா சீன மரபினர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற வூ, 1896 இல் அரசியார் உதவித்தொகையைப் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்த அவர், அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீனர் ஆவார். இலண்டன் தூய மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றபின், லிவர்பூல், ஹாலே, பாரிசு ஆகிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிரியல் கற்றார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரியை நுண்ணோக்கியில் கண்டு, வளர்த்து, நோய்க்குக் காரணம் அதுவே என்று நிறுவும் முறை அக்காலத்தில் புதியது. அதனை அதன் பிறப்பிடங்களிலேயே கற்றுக்கொண்டது பின்னாளில் ஹார்பினில் அவருக்குக் கைகொடுத்தது.

பினாங்கில் மருத்துவப் பணி

1903 இல் மலாயா திரும்பிய வூ, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டுக் காலம் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். குடியேற்ற அரசின் மருத்துவ சேவையில் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தமையால், கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றிருந்தும் அவருக்கு அங்கு இடமில்லை. ஆகவே பினாங்கின் சூலியா வீதியில் தனியாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். (சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்று வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர். அவ்வீதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.)

அபினிப் பழக்கத்துக்கு எதிராக வூ நடத்திய இயக்கம், அபினி வணிகத்தால் ஆதாயம் பெற்றோரின் பகையை அவருக்குத் தேடித்தந்தது. 1907 இல் அவரது மருந்தகத்தைச் சோதனையிட்ட அதிகாரிகள், மருந்தாகப் பயன்படும் சிறிதளவு அபினிக் கரைசல் அங்கிருந்ததைக் காரணம் காட்டி வழக்குத் தொடர்ந்தனர். அபராதமும் விதிக்கப்பட்டது. இந்நிலையில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908 இல் தியான்ஜின் நகரிலிருந்த பேரரசுப் படை மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

மஞ்சூரியக் கொள்ளைநோய்

1910 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் உருசிய எல்லையை ஒட்டிய மஞ்சௌலி என்னும் ஊரில் ஒரு காய்ச்சல் தோன்றியது. மார்மட் என்னும் வளைவாழ் விலங்கின் தோலுக்கு ஐரோப்பாவில் அப்போது நல்ல விலை இருந்தது. அதனால் வேட்டையில் முன்பழக்கமற்ற ஆயிரக்கணக்கானோர் அப்பகுதிக்கு வந்து, நோயுற்ற விலங்குகளையும் பிடித்துத் தோலுரித்தனர். அவர்களிடையே தொடங்கிய நோய், இருப்புப்பாதை வழியே கிழக்கு நோக்கி நகர்ந்து ஹார்பினை அடைந்தது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி, ஓரிரு நாட்களில் மரணம் என்பதே அதன் போக்கு. பிழைத்தோர் ஏறக்குறைய எவரும் இல்லை.

மஞ்சூரியாவின் வடபகுதி இருப்புப்பாதை உருசியாவின் கையிலும், தென்பகுதிப் பாதை ஜப்பானின் கையிலும் இருந்தன. சீன அரசால் நோயைத் தடுக்க இயலவில்லை என்றால், அதனையே காரணமாகக் கொண்டு அவ்விரு நாடுகளும் தலையிடக்கூடும் என்ற அச்சம் பீக்கிங்கில் நிலவியது. வெளியுறவு அலுவலகத்தில் இருந்த ஷி ஷாவ்ஜி, முன்பே அறிமுகமான வூவை ஹார்பினுக்கு அனுப்பினார். 31 வயதான வூ, லின் ஜியாருய் என்ற ஒரேயொரு மாணவருடனும் ஒரு நுண்ணோக்கியுடனும் 1910 டிசம்பர் 24 அன்று அங்குச் சென்றடைந்தார்.

ஹார்பினை ஒட்டிய பூஜியாதியன் என்னும் சீனக் குடியிருப்பில் சுமார் 24,000 பேர் வாழ்ந்தனர். டிசம்பர் 27 அன்று, அங்கு இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை அவளது வீட்டிலேயே வூ பிணக்கூறாய்வு செய்தார். இறந்த உடலை அறுப்பது சீன வழக்கில் பெரும் பிழையாகக் கருதப்பட்டமையால் இது மறைவாகவே நடந்தது. நுரையீரலிலும் இரத்தத்திலும் பிளேக் நுண்ணுயிர்கள் இருந்தன. வூ அவற்றை வளர்த்து உறுதிசெய்து, உள்ளூர் அதிகாரிகளையும் நுண்ணோக்கி வழியே பார்க்கச் செய்தார்.

நோய் பிளேக் என்பது உறுதியாயிற்று. எவ்வாறு பரவுகிறது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. 1896 இல் பம்பாயில் தொடங்கிய பிளேக்கின்போது நடந்த ஆய்வுகள், அந்நோய் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாக மனிதரை அடைகிறது என்று காட்டியிருந்தன. தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும் வகைக்கு அது முற்றிலும் உண்மை. உலகெங்கும் மருத்துவர்கள் அதனையே பாடமாகக் கற்றிருந்தனர். ஆனால் ஹார்பின் எலிகளைப் பிடித்து ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் ஒன்றில்கூட நோயைக் காணவில்லை. இறந்தோரின் உடலில் நெறிகளும் இல்லை. கடுங்குளிரில் தெள்ளுப்பூச்சி வழியே இவ்வளவு விரைவாக நோய் பரவுதலும் அரிது. ஆகவே இது நுரையீரலைத் தாக்கும் வகை என்றும், இருமும்போது தெறிக்கும் எச்சில் திவலைகளைப் பக்கத்தில் இருப்பவர் மூச்சுடன் உள்ளிழுப்பதால் பரவுகிறது என்றும் வூ முடிவு செய்தார். எலி பிடிப்பதில் செலவாகும் உழைப்பை மனிதர்மீது திருப்ப வேண்டும் என்பது இதன் பொருள்.

வீடுகளில் நோய் பரவிய விதம்

பூஜியாதியனின் வீடுகளும் தொழிலாளர் விடுதிகளும் இந்நோய்க்கு ஏற்றவையாக அமைந்திருந்தன. வெளியே வெப்பநிலை உறைநிலைக்கு 30 பாகை கீழே சென்றது. உள்ளே சன்னல்கள் காகிதம் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தன. காங் எனப்படும், அடியில் தீயிட்டுச் சூடேற்றப்படும் செங்கல் திண்ணையில் அனைவரும் வரிசையாகப் படுத்து உறங்கினர். ஷாண்டோங் மாகாணத்திலிருந்து கூலிவேலைக்கு வந்தோரின் விடுதிகளில் ஒரே திண்ணையில் பலர் நெருங்கிக் கிடந்தனர். ஒருவர் இருமினால், இரு பக்கங்களிலும் படுத்திருந்தவர்களே முதலில் நோயுற்றனர். குடும்பத்தில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் முறைவைத்து அருகிலிருந்து பணிவிடை செய்தனர். இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் அவர்களுக்கும் காய்ச்சல் தொடங்கியது. அன்புடன் அருகில் இருந்தவரே அடுத்துப் பலியானதால், வீடு வீடாகக் குடும்பங்கள் முழுமையாக அழிந்தன.

வூவும் அவருடன் பணியாற்றியோரும் கவனித்த ஒரு செய்தி இங்கு முக்கியமானது. காய்ச்சல் தொடங்கிய முதற்பொழுதில் நோயாளி பிறருக்கு அவ்வளவாக நோயைப் பரப்புவதில்லை. இருமலும் இரத்தம் கலந்த சளியும் தோன்றிய பிறகே பெருமளவில் பரப்புகிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில மணி நேரமே பிறரைக் காக்கக் கிடைக்கும் வாய்ப்பு. நோயுற்றவருடன் பழகிய ஒவ்வொருவரின் உடல் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும் என்று வூ வற்புறுத்தியது இதனால்தான்.

வூ வடிவமைத்த முகக்கவசம் மிக எளியது. அறுவை மருத்துவத்தில் பயன்படும் மெல்லிய வலைத்துணியின் மடிப்புகளுக்கிடையே ஒரு பஞ்சுப் பட்டையை வைத்து, துணியின் இரு முனைகளையும் நாடாக்களாகக் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் மலிவான பொருட்களைக் கொண்டு எவரும் இதனைச் செய்துவிட முடியும். மருத்துவர்களும் பணியாளர்களும் மட்டுமன்றி, நோயாளிகளுடன் பழகியோரும் பொதுமக்களும் இதனை அணிய வேண்டும் என்றார். இன்றைய என்-95 முகக்கவசத்தை வூ கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது மிகைக் கூற்றாகும். அறுவை அரங்கில் துணிக்கவசம் அணியும் வழக்கம் 1897 இலேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. என்-95 வகை மின்னூட்டப்பட்ட செயற்கை இழைகளால் ஆனது. அதன் தொழில்நுட்பமே வேறு. அறுவை அரங்குக்குள் இருந்த ஒன்றை, கொள்ளைநோய்க் காலத்தில் தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்ததே வூவின் பங்களிப்பு. இதனால் அவரது பெருமை குறைந்துவிடவில்லை.

மெஸ்னியின் மரணம்

வூவின் முடிவைப் பலர் ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையானவர் தியான்ஜின் பெய்யாங் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரான பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி. 1908 இல் தாங்சான் நகரில் பிளேக்கை எதிர்கொண்ட அனுபவம் உடையவர் அவர். 1911 ஜனவரி 2 அன்று ஹார்பின் வந்த மெஸ்னி, தலைமைப் பொறுப்பு தமக்கே வேண்டும் என்று எதிர்பார்த்தார். எலிகளை ஒழிப்பதே வழி என்றும் வாதிட்டார். உரையாடல் முற்றி, அவர் தம்மை இனத்தைக் குறித்து இழிவாகப் பேசியதாக வூ தமது தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். வூ பதவி விலக முன்வந்து பீக்கிங்குக்குத் தந்தி அனுப்பினார். அரசு வூவையே ஆதரித்தது.

இதன்பின் மெஸ்னி உருசியரின் பிளேக் மருத்துவமனைக்குச் சென்று, முகக்கவசம் இன்றியே நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஜனவரி 11 அன்று அதே மருத்துவமனையில் இறந்தார். பிழையான கருத்துக்காகப் பழிக்கத் தக்கவர் அல்லர் அவர். அன்றைய அறிவியலின் பெரும்பான்மைக் கருத்தையே அவர் சொன்னார், அதன்மீது தம் உயிரையும் வைத்தார். புகழ்பெற்ற ஐரோப்பிய மருத்துவர் ஒருவரே இறந்துபட்ட செய்தி நகரை உலுக்கியது. அதுவரை முகக்கவசத்தை எள்ளியவர்களும் அதனைத் தேடி அணியத் தொடங்கினர்.

தனிமைப்படுத்தல்

ஜனவரியில் பூஜியாதியன் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை வழங்கப்பட்டது. தம் பிரிவுக்குள் மக்கள் நடமாடலாம். அடுத்த பிரிவுக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் மருத்துவர் ஒருவரின் கீழ் குழுக்கள் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று பார்த்தன. நகரைச் சுற்றிக் காவல் நிற்க 1,100 பேருக்கு மேற்பட்ட படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர்.

நோய் உறுதியானவர்கள் பிளேக் மருத்துவமனைக்கும், ஐயத்துக்குரிய காய்ச்சல் உடையவர்கள் வேறொரு விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். வெறும் சளிக்காய்ச்சல் கண்டவரைப் பிளேக் நோயாளியின் பக்கத்தில் கிடத்திவிடக் கூடாது என்பதே இப்பிரிவினையின் நோக்கம். நோயுற்றவருடன் ஒரே வீட்டில் இருந்த, இன்னும் நலமாயிருந்தோரை வைக்க இடம் போதவில்லை. உருசிய இருப்புப்பாதை நிருவாகத்திடமிருந்து 120 சரக்குப் பெட்டிகளை வூ இரவலாகப் பெற்றார். பெட்டிகளில் அடுப்பு மூட்டி, மக்களைச் சிறு சிறு குழுக்களாகத் தங்கவைத்து, காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்க்கப்பட்டது. காய்ச்சல் கண்டவர் உடனே அகற்றப்பட்டார். குறித்த நாட்கள் கடந்தும் நலமாயிருந்தவர் வீடு திரும்பினார். ஒரு பெட்டியில் நோய் தோன்றினாலும் அடுத்த பெட்டிக்குத் தாவ வழியில்லை. இந்த ஏற்பாட்டைப் படிக்கையில், தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரிக்கப்பட்ட கப்பலின் அடித்தளம் நினைவுக்கு வருகிறது.

மக்கள் இதனை விரும்பி ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. நோயை அறிவித்தால் நோயாளி மருத்துவமனைக்குச் செல்வார். அங்குச் சென்றவர் எவரும் மீளவில்லை. எஞ்சியோர் பெட்டிகளுக்குக் கொண்டுசெல்லப்படுவர். வீட்டில் மருந்து தெளிக்கப்படும். ஆகவே பலர் நோயாளியை வீட்டிலேயே மறைத்தனர். இறந்தபின் எவ்வீட்டார் என்று தெரியாதிருக்க உடலை இரவில் தெருவில் போட்டுவிட்டனர். இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. மருந்தே இல்லாத நோயில், பிரித்துவைப்பதால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. அவருடன் படுத்திருந்தவருக்கு மட்டுமே பயன் உண்டு. சாகக் கிடப்பவரை அந்நியர் கையில் ஒப்படைக்கும்படி குடும்பத்திடம் கேட்பது அக்காலத்தில் மட்டுமன்று, எக்காலத்திலும் கடினமானதே.

மறைத்துவைத்ததன் விளைவுக்குப் பூஜியாதியனில் இருந்த கத்தோலிக்க மறைப்பணி வளாகம் துயரமான எடுத்துக்காட்டாகும். அங்கிருந்த பாதிரியார் கட்டுப்பாடுகளை ஏற்காமல் நோயாளிகளை வளாகத்துக்குள்ளேயே வைத்துப் பேணினார். இறந்தோர் அங்கேயே மறைவாகப் புதைக்கப்பட்டனர். சுமார் 300 பேர் இருந்த அவ்வளாகத்தில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிரியாரும் உயிர்தப்பவில்லை.

சவப்பெட்டிகள்

நிலம் பல அடி ஆழத்துக்கு உறைந்து கிடந்ததால் இறந்தோரைப் புதைக்க முடியவில்லை. நகரின் புறத்தே 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள், சில பெட்டிகளிலும் சில பெட்டியின்றியும் வரிசையாகக் கிடந்தன. அவற்றை எரிப்பது முன்னோர் வழிபாட்டில் ஊறிய மக்களுக்கு ஏற்காத செயல். வூ பீக்கிங்குக்குத் தந்தி அனுப்பிப் பேரரசின் ஆணையைக் கேட்டார். சில நாட்களில் இசைவு வந்தது. சீனப் புத்தாண்டுக்கு மறுநாளான 1911 ஜனவரி 31 அன்று உடல்கள் குவியல்களாக அடுக்கப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. அவ்வாணையை வழங்கிய சிங் அரசமரபு அடுத்த ஆண்டே முடிவுக்கு வந்தது.

எரியூட்டலுக்குப் பின் இறப்புகள் குறைந்தன. அதனாலேயே குறைந்தன என்று மக்கள் பலர் நம்பினர். ஆயினும், நோய் இருமலால் பரவுவது என்பதைக் கருதினால், வீடுகளில் தொடங்கிய பிரித்தலே முதன்மைக் காரணம் என்று கொள்வது பொருத்தம். 1911 மார்ச் 1 அன்று ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். பூஜியாதியனில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

முக்டென் மாநாடும் பிற்காலப் பணிகளும்

1911 ஏப்ரலில் முக்டென் நகரில் (இன்றைய ஷென்யாங்) 11 நாடுகள் பங்கேற்ற பன்னாட்டுப் பிளேக் மாநாடு நடைபெற்றது. ஜப்பானின் கிதாசாதோ, உருசியாவின் சபோலோட்னி முதலிய மூத்த அறிஞர்கள் கலந்துகொண்ட அம்மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். 1912 இல் ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வடமஞ்சூரியப் பிளேக் தடுப்பு சேவைக்கும் அவரே இயக்குநரானார்.

1920-21 இல் நோய் மீண்டும் வந்தது. ஹைலார் என்னும் ஊரில் தனிமையில் வைக்கப்பட்டிருந்தோர் சிலரைப் படைவீரர்கள் பலவந்தமாக விடுவித்தனர். அவர்களுள் தப்பியோடியோர் வழியாகத் தலாய்நோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நோய் பரவிப் பெருஞ்சேதம் விளைந்தது. எனினும் இம்முறை மருத்துவமனைகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் ஆயத்தமாக இருந்தமையால், இறந்தோர் தொகை சுமார் 9,300 உடன் நின்றது.

1915 இல் சீன மருத்துவக் கழகத்தைத் தோற்றுவித்தோருள் வூவும் ஒருவர். 1918 இல் பீக்கிங் மத்திய மருத்துவமனை நிறுவப்பட முன்னின்றார். நுரையீரல் பிளேக் பற்றி அவர் எழுதிய பெருநூலை 1926 இல் உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930 முதல் ஷாங்காயில் தேசியத் தொற்றுத்தடுப்பு சேவையை இயக்கி, அதுவரை அயல்நாட்டார் கையிலிருந்த துறைமுகச் சோதனையைச் சீனப் பொறுப்பில் கொண்டுவந்தார். 1931 இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அவரை ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறிது காலம் காவலில் வைத்தனர். 1935 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

வூவின் முதல் மனைவி ரூத் ஹுவாங் சீன வரலாற்று அழகியரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தாளர். அவர் 1937 இல் காலமானார். இவர்களுடைய மூன்று மகன்களில் இருவரும் தந்தைக்கு முன்பே இறந்தனர். வூ லீ சூ-சென் என்பவரையும் மணந்தார்.

மலாயாவில் இறுதிக் காலம்

1937 இல் சீன-ஜப்பானியப் போர் மூண்டபோது வூ மலாயா திரும்பி, ஈப்போ நகரில் மீண்டும் சாதாரண மருத்துவராகத் தொழில் தொடங்கினார். பேரரசுகளுக்கும் குடியரசுகளுக்கும் ஆலோசனை சொன்னவர், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து எழுதித் தந்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943 இல், மலாயக் கம்யூனிசக் கெரில்லாக்கள் அவரைக் கடத்திப் பணம் பெற்ற பின்னரே விடுவித்தனர். பணம் கொடுத்ததற்காக ஜப்பானியரின் ஐயத்துக்கும் ஆளானார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவரின் பரிந்துரையால் தப்பினார்.

1940-களில் ஸ்டிரெப்டோமைசின் மருந்து வந்தபின், காலத்தோடு சிகிச்சை தொடங்கினால் நுரையீரல் பிளேக் கண்டவரும் பிழைக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. ஹார்பினில் ஒரு நோயாளியைக்கூடக் காப்பாற்ற இயலாதிருந்த வூ, அம்மாற்றத்தைக் காணும் வரை வாழ்ந்திருந்தார்.

பிளேக்குடன் தாம் நடத்திய போராட்டத்தையே தலைப்பாக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1959 இல் கேம்பிரிட்ஜில் வெளியானது. அடுத்த ஆண்டு ஜனவரி 21 அன்று, தாம் பிறந்த பினாங்கிலேயே, 80 ஆம் வயதில் வூ காலமானார். பினாங்கிலும் ஈப்போவிலும் அவர் பெயரால் குடியிருப்பும் சாலையும் உள்ளன. அவர் பயின்ற பினாங்கு ஃபிரீ பள்ளியில் மாணவர் இல்லம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கொரோனாப் பெருந்தொற்றின் இடையே, 2021 மார்ச் 10 அன்று, கூகுள் நிறுவனம் தன் முகப்புப் படத்தில் அவரது பிறந்தநாளை நினைவுகூர்ந்தது.